தாம்பரத்தில் ஒரு தாய்லாந்துச் சமையல்

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் நானும் என் மனைவியும் கிழக்குத் தாம்பரத்தில் நடந்துகொண்டிருந்தோம். ஓர் உணவகத்தின் வாயிலில் ‘தாய் உணவு’ என்று எழுதிய பலகை ஒன்று தொங்கிற்று. என் மனைவி அதைப் படித்துவிட்டு, “பாருங்கள், அம்மா சமையல் என்பதை எவ்வளவு அழகாகத் தூய தமிழில் எழுதியிருக்கிறார்கள்!” என்று மகிழ்ந்தாள். அது அன்னையின் உணவன்று, தாய்லாந்து நாட்டின் உணவு என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. நம் முன்னோர் சயாம் என்று வழங்கிய நாடே அது. 1939-ஆம் ஆண்டில் அதன் பெயர் தாய்லாந்து என்று மாற்றப்பட்டது. இடையே சில ஆண்டுகள் பழைய பெயர் திரும்பி வந்தும், புதிய பெயரே நிலைத்துவிட்டது.

வேறொரு நாளாக இருந்திருப்பின் இருவரும் சிரித்துவிட்டு நடந்திருப்போம். அன்று நாங்கள் அந்தப் பலகையைத் தேடியே புறப்பட்டிருந்தோம். அதன் காரணத்தைச் சொன்னால்தான் இந்தப் பேச்சின் பொருள் விளங்கும்.

எங்கள் மகளும் மருமகனும் பாங்காக் நகரில் பணி புரிகிறவர்கள். அவர்களுடைய மகள் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். வயது ஒன்பது. பெற்றோரின் பணி மாற்றத்தால் ஆறு திங்கள் எங்களுடன் இருக்க வந்தாள். தமிழ் நன்றாகவே பேசுவாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. ஆனால் உணவில் மட்டும் கை செல்லவில்லை. இரண்டு வாய் உண்பாள். “போதும் பாட்டி” என்று எழுந்துவிடுவாள். மருத்துவர் பார்த்துவிட்டு நோய் ஒன்றுமில்லை என்றார். இரண்டு வாரத்துக்குப் பிறகு என் மனைவி அவளை மடியில் இருத்தி, “உனக்கு என்னதான் பிடிக்கும், சொல் கண்ணு” என்று கேட்டாள். குழந்தை நான்கைந்து பெயர்களைச் சொன்னாள். பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டு, “இங்கே கிடைக்காது, பரவாயில்லை பாட்டி” என்றாள். குழந்தை பிடிவாதம் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்பது வயதில் ‘பரவாயில்லை’ என்று சொன்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. மறுநாளே தேடத் தொடங்கினோம்.

அந்தப் பலகையைக் கண்ட உணவகத்துக்கு அடுத்த ஞாயிறன்று குழந்தையை அழைத்துச் சென்றோம். என்னுடன் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவரும் உடன் வந்தார். அவர் பிறந்தது முதல் மரக்கறி உணவே உண்பவர். பச்சைக் குழம்பு எனப்படும் ஒன்றைக் காய்கறி மட்டும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னோம். “சைவந்தானே?” என்று நண்பர் கேட்டார். “ஆமாம் ஐயா, காய்கறிதான்” என்றார் பரிமாறுபவர்.

குழம்பு வந்தது. நிறம் பச்சைதான். மாவு கரைத்து விட்டதுபோல் கொழகொழவென்று இருந்தது, இனித்தது, மணம் என்பதே இல்லை. குழந்தை மரியாதையாக இரண்டு கரண்டி உண்டாள். பிறகு நண்பரின் தட்டைப் பார்த்து, “நீங்கள் இறால் சாப்பிடுவீர்களா தாத்தா? இதை அரைக்கும்போது இறால் போடுவார்களே” என்று கேட்டாள். நண்பரின் கை நின்றுவிட்டது. நான் சமையலறையில் கேட்டு வரச் சொன்னேன். அரைத்த விழுது புட்டியில் வருவது. புட்டியின் மேலே ஒட்டிய தாளில், சேர்மானங்களுள் ஒன்றாக இறால் அச்சிடப்பட்டிருந்தது. அதை அங்கே எவரும் படித்துப் பார்த்ததில்லை. அவர்கள் ஏமாற்ற எண்ணவில்லை, அறியவில்லை. ஆனால் அறுபது ஆண்டு காத்த நோன்பு ஒருவருக்கு அன்று அங்கே கலைந்தது. நண்பர் ஒரு சொல்லும் சொல்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார். குழந்தையோ தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி வீடு வரும் வரையில் வாய் திறக்கவில்லை.

நேயர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தாம்பரம் வெளியூரார்க்குப் புதிய ஊரன்று. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி இங்கே இடம் பெயர்ந்து வந்தது. விமானப் படைத் தளமும் ரயில்வேப் பணிமனையும் பல மாநிலத்தாரை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. அவரவர் உணவும் அவரவருடன் வந்தது. அப்படியிருக்க, இந்த ஓர் உணவு மட்டும் ஏன் இப்படி வேடம் புனைந்து வருகிறது?

சிந்தித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. திருப்பெரும்புதூர்ப் பகுதியில் கொரிய நாட்டு மோட்டார் தொழிற்சாலை 1990-களின் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. கொரியக் குடும்பங்கள் வந்தன. அவர்களுக்காகக் கொரிய உணவகங்களும் வந்தன. அங்கே குழம்பு சரியில்லை என்றால் சொல்லுவதற்கு அந்த நாட்டு நாக்கு இருக்கிறது. நம் புறநகரில் தாய்லாந்து மக்கள் மிகச் சிலரே. குறை சொல்லும் நாக்கு இல்லாத ஊரில் சமைப்பவர் யாருடைய சுவைக்குச் சமைப்பார்? நம்முடைய சுவைக்குத்தான். நாம் இனிப்பை விரும்புவோம் என்று எண்ணி இனிப்பைக் கூட்டுகிறார், புளிப்பைக் குறைக்கிறார், மணத்தை விட்டுவிடுகிறார். குற்றம் அவருடையது மட்டுமன்று. கேட்கத் தெரியாத நம்முடையதுமாகும்.

இந்த எண்ணத்துடன் குழந்தையை அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் ரயிலேறினேன். வழியின் கடைசி நிலையமான கடற்கரையில் இறங்கினோம். அருகிலேயே பர்மா பஜார். பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, பின்னர்க் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர் பலர் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். அவர்களுடைய பிழைப்புக்காக 1969-இல் எழுந்தது அந்தக் கடைத்தெரு. அவர்கள் உடைமைகளை விட்டு வந்தார்கள். நாவின் நினைவை விட்டு வரவில்லை. மாலையானால் அந்தப் பகுதியில் ‘அத்தோ’ என்னும் உணவு தள்ளுவண்டிகளில் கிடைக்கும். வெந்த நூலடையுடன் நறுக்கிய முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கையாலேயே பிசைந்து தருவார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சேர்ந்த சாறும் உண்டு.

குழந்தை தட்டு முழுவதையும் உண்டாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் தட்டைக் காலி செய்தது அன்றுதான் முதல் முறை. “இது எங்கள் ஊர்ச் சாப்பாடு இல்லை தாத்தா, ஆனால் அதற்குச் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கிறது” என்றாள். அவள் சொன்னது சரியே. பர்மாவும் தாய்லாந்தும் அண்டை நாடுகள். பர்மியர் ‘ஓன் நோ கௌ சுவே’ என்பதும், வடதாய்லாந்தார் ‘காவ் சொய்’ என்பதும் தேங்காய்ப்பால் குழம்பில் நூலடை சேர்ந்த உணவுகளே; நெருங்கிய உறவுடையவை. வண்டிக்காரரிடம் இது எப்படி இத்தனை ஆண்டுகள் மாறாமல் இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார். “மாறாமல் எங்கே ஐயா? எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் புளி குறைந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள்” என்றார். நான் ரயிலில் திரும்பும்போது அந்தச் சொல்லையே எண்ணிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டிலும் குறை சொல்லத் தெரிந்த ஒரு நாக்கு இருக்கிறதே! அதையே ஆசிரியராக வைத்துக்கொண்டால் என்ன?

முப்பத்தைந்து ஆண்டுகள் நான் பிறருக்குக் கற்பித்தவன். இம்முறை ஒன்பது வயது ஆசிரியையின் முன்னே மாணவனாக அமர்ந்தேன். அவள் பாங்காக்கிலிருந்த தன் அன்னையிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். நான் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதி முடித்தபோது வியந்துபோனேன். அந்தப் பச்சைக் குழம்புக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை வேறு பெயரில், வேறு வேலையில் நம்மிடமே இருக்கின்றன.

அவர்கள் ‘கா’ என்று வழங்கும் கிழங்கு நம்முடைய பேரரத்தை. நாம் இருமலுக்கு மருந்தாகக் கொள்வதை அவர்கள் குழம்புக்கு உயிராகக் கொள்கிறார்கள். தாம்பரத்து நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த துண்டுகளாகக் கிடைத்தது. எலுமிச்சம்புல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. செடி விற்ற அம்மையார், “கொசு வராமல் இருக்க வைக்கிறீர்களா ஐயா?” என்று கேட்டார். “குழம்பு வைக்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குழம்பில் மிதக்கும் பட்டாணி போன்ற சிறு காய், நம்முடைய சுண்டைக்காயேதான். நாம் வற்றல் போடுவதை அவர்கள் பச்சையாக இடுகிறார்கள். இறுதியில் தூவும் தழை நம்முடைய திருநீற்றுப்பச்சையின் இனம். அது கோயில் வாயிலில் பூ விற்பவரிடம் கிடைத்தது. கொத்தமல்லியின் வேரை நாம் நறுக்கி எறிகிறோம். அவர்கள் அதைத்தான் தேடி அரைக்கிறார்கள். காய்கறிக் கடைக்காரர் வேர்களைக் காசு வாங்காமலே கொடுத்தார்.

அங்கே இடும் ஒருவகை எலுமிச்சை இலை மட்டும் இங்கே அகப்படவில்லை. என் மனைவி சற்றுச் சிந்தித்துவிட்டு நாரத்தை இளந்தளிரைக் கொண்டுவரச் சொன்னாள். வேப்பிலைக்கட்டி என்று நாம் இடிக்கிறோமே, அதில் வேப்பிலை இல்லை. நாரத்தை இலையும் எலுமிச்சை இலையுந்தானே இருக்கின்றன. அந்த மணத்தை அறிந்த கை அவளுடையது.

மிளகாய் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிளகாய் நமக்கும் அவர்களுக்கும் விருந்தாளிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகக் கீழ்த்திசை நாடுகளுக்கு வந்தது. நாம் மிளகின் பெயரைக் கொண்டே அதற்கு மிளகாய் என்று பெயரிட்டோம். அவர்களும் மிளகுக்கு வழங்கிய ‘பிரிக்’ என்னும் பெயரை மிளகாய்க்குக் கொடுத்துவிட்டுப் பழைய மிளகைப் ‘பிரிக் தாய்’, அதாவது தாய்நாட்டுப் பிரிக், என்று அழைக்கிறார்கள். கடலுக்கு இருபுறமும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது!

இதில் வியப்பில்லை என்றும் சொல்லலாம். தென்தாய்லாந்தில் குலோங் தொம் என்னுமிடத்தில், தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. பொன்னை உரைத்துப் பார்த்தவர்கள் அங்கே உண்ணாமலா இருந்திருப்பார்கள்?

இனிச் சமையலுக்கு வருவோம். முதல் நாள் என் மனைவிக்கும் ஆசிரியைக்கும் ஒரு வழக்கு நேர்ந்தது. என் மனைவி திருநெல்வேலியைச் சேர்ந்தவள். சொதி வைக்கும்போது தேங்காயின் முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கும் முன்பே இறக்கிவிடுவாள். கொதித்தால் திரிந்துவிடும் என்பது அவள் பெற்ற பயிற்சி. தாய்லாந்து முறையோ நேர் எதிர். கெட்டியான முதற்பாலை முதலிலேயே வாணலியில் இட்டு, எண்ணெய் பிரியும் வரை காய்ச்சி, அந்த எண்ணெயில் விழுதை வதக்க வேண்டும். மணம் எழுவது அப்போதுதான். “திரிந்துபோகுமே!” என்றாள் பாட்டி. “திரியத்தான் வேண்டும் பாட்டி!” என்றாள் பேத்தி. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை அன்று அடுப்படியில் என் மனைவி ஒதுக்கி வைத்ததைப் பெருஞ்செயலாகவே நான் கருதுகிறேன்.

குழம்பு ஆயிற்று. குழந்தையிடம் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். நன்றாகச் சுவைத்துவிட்டு, “நாற்பத்தைந்து” என்றாள். தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்று நான் மகிழ்ந்தேன். “புளிப்பும் உப்பும் தகராறு செய்கின்றன தாத்தா” என்று அவள் விளக்கினாள். அந்நாட்டுச் சமையலின் இலக்கணமே அதில் அடங்கியிருக்கிறது. உப்பு, புளிப்பு, இனிப்பு, உறைப்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று அடக்காமல் நிற்க வேண்டும். உப்புக்கு ‘நாம் பிளா’ என்னும் மீன் சாறு. நெத்திலி போன்ற சிறுமீன்களை உப்பிட்டு ஓராண்டளவு தொட்டியில் ஊறவைத்து வடிப்பது அது. புளிப்புக்கு எலுமிச்சை அல்லது புளி. இனிப்புக்குப் பனைவெல்லம். ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சுவைத்துச் சுவைத்துச் சமன் செய்ய வேண்டும். அளவுக் கரண்டி அங்கே துணை செய்யாது, நாக்குத்தான் துலாக்கோல்.

நான்காம் முறை அறுபது கிடைத்தது. ஆறாம் முறை எழுபது. அதற்குமேல் அவள் கொடுக்கவில்லை. உலர்ந்த பேரரத்தை பச்சைக் கிழங்குக்கு ஈடாகாது என்பது அவள் முடிவு. எனக்கு அது மனநிறைவைத் தந்தது. அன்புக்காக மதிப்பெண்ணைக் கூட்டிப் போடும் ஆசிரியர் மாணவனுக்கு நன்மை செய்வதில்லை.

ஆயினும் என் உள்ளத்தில் முள்ளொன்று இருந்தது. அந்தத் தமிழாசிரியர். அவருக்குச் செய்த பிழையை எப்படித் திருத்துவது? மகளிடம் விசாரித்தபோது ஒரு செய்தி கிடைத்தது. தாய்லாந்திலேயே ‘ஜே’ என்றோர் உணவு முறை உண்டு. சீன வழி வந்த பௌத்த மக்கள் போற்றுவது. புலாலும் மீனும் மட்டுமின்றி வெங்காயமும் பூண்டும்கூட விலக்கியது. ஆண்டுக்கொரு முறை விழா எடுத்து ஒன்பது நாள் அதைக் காப்பார்கள். அந்நாட்களில் கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும். அந்த முறையில் மீன் சாற்றுக்குப் பதிலாகச் சோயாப் பயற்றிலிருந்து வடித்த சாறு இடுவர். ஆகவே இறாலை விட்டால் அது தாய்லாந்து உணவாகாது என்று எவரும் சொல்ல இயலாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரை வீட்டுக்கு அழைத்தேன். அம்மியைக் கழுவி, விழுதை வீட்டிலேயே அரைத்தோம். அவர் தயங்கித் தயங்கித்தான் இலையின் முன் அமர்ந்தார். குழந்தை அவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, “இதில் இறால் இல்லை தாத்தா. மீனும் இல்லை. அரைக்கும்போது முதலிலிருந்து கடைசி வரை நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன்” என்றாள். நண்பர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். குழந்தையும் அன்று தன் இலையில் எதையும் மீதி வைக்கவில்லை. அவள் மனத்திலும் அந்த முள் இருந்ததென்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நேயர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய பலகைகள் இன்று பல தொங்கும். உள்ளே செல்லுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றைக் கவனியுங்கள். விழுது அங்கேயே அரைத்ததா, புட்டியில் வந்ததா என்று கேளுங்கள். குழம்பு கண்ணுக்கு எட்டும் முன் மணம் மூக்குக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். மரக்கறி உண்பவராயின், ‘காய்கறிதானே’ என்று கேளாமல், ‘மீன் சாறு உண்டா, இறால் விழுது உண்டா’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உணவகம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். ‘தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ என்பது குறைவான விடையன்று. அதைச் சொல்லத் தெரிந்த கடையில் நான் கண்ணை மூடிக்கொண்டு உண்பேன்.

ஆறு திங்கள் கழிந்து குழந்தை பாங்காக் திரும்பினாள். அந்நாட்டில் ஒருவரையொருவர் காணும்போது, ‘கின் காவ் ரூ யாங்?’ என்று கேட்பார்களாம். ‘சோறு உண்டாயிற்றா?’ என்பது பொருள். நாமும் ‘சாப்பிட்டாயிற்றா?’ என்றுதானே கேட்கிறோம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் நான் அவள் மொழியில் கேட்கிறேன். அவள் என் உச்சரிப்பைத் திருத்துகிறாள். சென்ற வாரம் அவள், “சாப்பிட்டேன் தாத்தா. ஆனால் இங்கே ஒரு கடையில் சாம்பார் என்று ஒன்று கொடுத்தார்கள். இனிப்பாக இருந்தது. அது சாம்பார் இல்லை என்று சொல்லிவிட்டேன்” என்றாள்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சம்புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. அவள் அடுத்த விடுமுறைக்கு வருவதற்குள் பச்சைப் பேரரத்தையும் கிழங்கு விட்டுவிடும் என்று நம்புகிறேன்.